தேன்மொழிக்குப் புரியவில்லை

அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாய்விட்டுப் படித்தீர்கள் என்றால், உங்கள் சட்டைப்பையில் கிடக்கிற போன் தன்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று விழித்துக்கொள்ளும். பிறகு அதைத் தூங்கவைப்பது பெரும்பாடு. கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

உலகமெல்லாம் கிளை பரப்பிய அந்தக் கம்பெனி தென்காசிப் பக்கம் வந்தபோது, குத்துக்கல்வலசையில் முகூர்த்தம் கிடைக்காமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தது. வாசலில் கைகூப்பி நிற்கும் இரண்டு சிமென்ட் பெண்களையும் அப்படியே விட்டுவிட்டார்கள். மணவறை போடுகிற மேடைக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்து மேலாளர் அறை ஆக்கினார்கள். பந்திக் கூடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டரும் காதில் மாட்டுகிற ஹெட்செட்டும் வந்தன. எச்சில் இலை எடுக்கிறவர்கள் போய்வந்த பின்வாசல் வழியாக ஹைருன் பீவி தினமும் வேலைக்குப் போய்வந்தாள்.

முன்வாசல் நீலப் பட்டைக்காரர்களுக்கு. கழுத்தில் நீலப் பட்டை தொங்கினால் அவர் கம்பெனி ஊழியர். மஞ்சள் பட்டை என்றால் விருந்தாளி. இது நான் கேலிக்குச் சொல்வதல்ல, கம்பெனியே வைத்த பெயர். தற்காலிகப் பணியாளர் என்று சொன்னால் அதில் பணியாளர் என்ற சொல் வந்துவிடுகிறதாம். அது வந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சட்டம், விடுப்பு, மருத்துவம் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நுழைந்துவிடுமாம். விருந்தாளியிடம் அந்தத் தொல்லை கிடையாது. அவர் வருவார், உபசரிப்போம், போவார். எத்தனை மாதம் தங்கினாலும் வீட்டுக்காரர் ஆகிவிட முடியாது.

விருந்தாளி என்பதால் தினமும் பின்வாசல் காவலாளியிடம் வருகை சொல்லவேண்டும். அவரும் தினமும் முதல்முறை பார்ப்பதுபோல, "யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்பார். அது அவருக்கு இட்ட கட்டளை. "யாரையும் இல்ல" என்று ஹைருன் பீவி சொல்வாள்.

அது பொய். அவள் தன் புருஷன் பேசுவதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

புருஷன் முகம்மது கனி சவூதியின் தம்மாமில் ஒரு மளிகைக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அச்சன்புதூரில் இருந்தவளுக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அன்று காலையில் அவர் அனுப்பியிருந்த ஒரு குரல் செய்தி மட்டும் போனில் இருந்தது. அது வந்தபோது ஹைருன் பீவி கறி அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் கேட்போம் என்று வைத்தாள். கை ஈரம் காய்வதற்குள் தம்மாமிலிருந்து மற்ற செய்தி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அதைத் தொட அவளுக்குத் துணிவில்லை. கேட்டுவிட்டால் அவர் பேசி முடித்துவிடுவார். கேட்காமல் வைத்திருக்கிறவரை, மச்சானுக்குத் தன்னிடம் சொல்ல இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று ஒரு தெம்பு. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இத்தா இருக்கவேண்டும். அது முடிகிற அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உட்கார்ந்து, நிதானமாகக் கேட்போம் என்று எடுத்துவைத்தாள். பலகாரத்தை எடுத்துவைக்கிற மாதிரி எடுத்துவைத்தாள் பாவி.

கம்பெனிக்கு இத்தா தெரியாது. தன் போன், அவள் போன் இரண்டையும் தம்மாமில் வாங்கித் தன் பெயரில் பதிந்தவர் முகம்மது கனி. ஆகவே கணக்கின் உரிமையாளர் அவர். உரிமையாளரின் முகத்தைக் கொஞ்ச நாளாகக் காணோமே என்று கம்பெனி கவலைப்பட்டது. மூன்று மாதத்துக்குள் குடும்பத்தில் இன்னொரு பதிவுபெற்ற நபர் திருநெல்வேலி சேவை மையத்துக்கு நேரில் வரவேண்டும் என்றது. அந்த இன்னொரு நபர் இத்தாவில் இருந்தாள். மகள் ஆஷிகா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றாள். கணக்கில் இல்லாத ஆள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இத்தா முடிந்த அன்றைக்கு ஹைருன் பீவி குளித்து, தொழுது, போனை எடுத்தாள். "உங்கள் பாதுகாப்பைக் கருதி இந்தக் கணக்கு பூட்டப்பட்டுள்ளது" என்றிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று எழுதியிருக்கவில்லை. அவளைத் தவிர அந்தப் போனை வேறு யாரும் தொட்டதில்லை. கீழே சின்னதாக ஒரு பெண்முகம் சிரித்தது. உதவிக்கு எங்கள் தானியங்கி உதவியாளர் தேன்மொழியிடம் பேசுங்கள்.

பேசினாள். பலநாள் பேசினாள். தேன்மொழி ஒவ்வொரு முறையும் புரியவில்லை என்றாள், பிறகு உரிமையாளரைப் பேசச் சொன்னாள்.

"உம்மா, அந்தக் கம்பெனியே குத்துக்கல்வலசையில ஆள் எடுக்குதாம்" என்று ஆஷிகாதான் சேதி கொண்டுவந்தாள். "வெளிய நின்னு மிஷின்கிட்டக் கத்தி என்ன பிரயோசனம்? உள்ள போயிட்டா மனுசங்க இருப்பாங்கள்லா. கையப் பிடிச்சுச் சொல்லிரலாம்லா."

மகளைச் சொல்லிக் குற்றமில்லை. மனிதர்கள் உள்ளே இருப்பார்கள் என்றுதான் நாமெல்லாருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே போன முதல் நாளே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சி கொடுத்தவன் புவனேஷ். இலஞ்சியில் அவன் அப்பாவுக்கு வயல் இருந்தது. மகனுக்கு வாடிக்கையாளர் பேரானந்த மேலாளர் என்ற பதவி இருந்தது. நீலப் பட்டையை நெஞ்சில் நீவிக்கொண்டே பேசினான்.

"தேன்மொழின்னு ஒரு மிஷின் கிடையாது. கிடையாதுன்னு வெளிய சொல்லக்கூடாது. ரெடியாகிட்டிருக்கு, அவ்வளவுதான். அது வர்ற வரைக்கும் நீங்கதான் தேன்மொழி."

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கஸ்டமர் மிஷின்கிட்டப் பேசுறதா நினைச்சுத்தான் பேசுவாங்க. அந்த நம்பிக்கையக் கெடுத்துரக் கூடாது. மிஷின் இருமாது. மிஷின் 'ம்' கொட்டாது. 'சொல்லுதேன்', 'வருதேன்' எல்லாம் வாயிலயே வரக்கூடாது. மிஷினுக்கு ஊரு கிடையாது. முக்கியமான விஷயம், ஒவ்வொரு கால்லயும் ஒரு தடவை 'மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்'னு சொல்லியே ஆகணும்."

"நெசமாவே புரியாட்டா?" என்று கேட்டாள் ஹைருன் பீவி.

"புரியாட்டா அதச் சொல்லக்கூடாதுக்கா. 'நிச்சயமாக'ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிரணும். நல்லாப் புரிஞ்சா மட்டும்தான் புரியலைன்னு சொல்லணும். அப்பத்தான் மிஷின்னு நம்புவாங்க."

தான் பலநாளாகப் போட்ட கூச்சலை எல்லாம் அந்தப் பக்கம் ஒரு பெண் நன்றாகப் புரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எந்த ஊர்க்காரியோ, அவளுக்கும் யார் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தார்களோ. கோபம் வரவில்லை. ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், "பயிற்சிக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு குரல் சொல்லும். பயிற்சி தனக்குத்தான் என்று ஹைருன் பீவி நினைத்திருந்தாள்.

பக்கத்து இருக்கை சத்யபிரியா. இன்ஜினியரிங் படித்துவிட்டு மஞ்சள் பட்டை மாட்டிக்கொண்ட பெண். எதற்கும் சிரித்துவிடுவாள். சிரிப்பு வந்தால் மைக்கை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து சிரித்துவிட்டு, மிஷின் முகத்தோடு மேலே வருவாள். தீயணைப்பு ஒத்திகை நடந்த நாளில்தான் அவளுக்கும் சிரிப்பு நின்றது.

திடீரென்று சங்கு ஊதியது. நீலப் பட்டைக்காரர்கள் எழுந்து வரிசையாக முன்வாசல் வழியே வெளியேறினார்கள். விருந்தாளிகளும் எழுந்தார்கள். காப்பாற்றப்பட வேண்டியவர்களின் பட்டியலில் மஞ்சள் பட்டை இல்லை, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசியாக ஓடினான் புவனேஷ். அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. தேன்மொழிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே வேப்பமரத்தடியில் புவனேஷ் ஒலிபெருக்கியோடு நின்றான். ஒவ்வொரு பெயராக வாசித்தான். எல்லாரும் வந்துவிட்டார்கள். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உள்ளே யாரும் இல்லை. கட்டடம் காலி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பி வந்தவனிடம் சத்யபிரியா கேட்டாள். "சார், நெசமாவே தீப்பிடிச்சா நாங்க என்ன செய்ய?"

"நெசமாவே பிடிச்சா உங்கள அனுப்பின ஏஜென்சி வந்து காப்பாத்தும். அதெல்லாம் அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கு."

"ஏஜென்சி எங்கன இருக்கு சார்?"

"சென்னையில."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மினிபஸ் கண்டக்டர் ஹைருன் பீவியைத் தாண்டிப் பின்சீட்டுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டு போய்விட்டான். வேறொரு நாளென்றால் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டாள். அன்றைக்கு எழுந்தே நின்றுவிட்டாள். "ஏ தம்பி, நான் இங்கன இருக்கேன்லா, என்னையப் பாரு" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டாள். கண்டக்டர் பயந்துபோய் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தான். அந்தத் துண்டைப் பர்சில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அவள் செய்த ஒரே தவறு அதற்கடுத்த வாரம் நடந்தது. செங்கோட்டையிலிருந்து சுடலைமுத்து என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். மிஷினிடம் பேசுகிறோம் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"என் வீட்டுக்காரி சங்கரம்மா போய்ச் சேந்துட்டாம்மா. அவ போன மாசம் போனா. இந்தப் போனு தெனம் காலையில அவ படத்தப் போட்டு, 'இவரிடம் பேசி நீண்ட நாளாகிறது, ஒரு வணக்கம் சொல்லலாமே'ங்குது. நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

அச்சன்புதூரில் ஒரு சாவுச் செய்தி காதில் விழுந்தால் வாய் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காது. எதிரி வீட்டுச் சாவாக இருந்தாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் நாம் அல்லாவுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று அரபியில் அதுபாட்டுக்குச் சொல்லிவிடும். ஹைருன் பீவியின் வாயும் சொல்லிவிட்டது.

"இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

பெரியவரின் குரல் தணிந்தது. "நீ எந்த ஊருத் தாயி?"

"நான் தேன்மொழி. தானியங்கி உதவியாளர். எனக்கு ஊர் இல்லை."

"அப்படியா. எங்க தெரு கனி பாயும் வந்து இதத்தான் சொல்லிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. நீ நல்லா இருக்கணும் தாயி."

புருஷனின் அதே பெயரைக் கேட்டதும் அவள் விதியைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்றாள். சுடலைமுத்து மீண்டும் எல்லாவற்றையும் சொன்னார். முதல்முறையைவிட நிதானமாக, சங்கரம்மா கடைசியாகக் கேட்ட கஞ்சியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். இரண்டாம் முறை சொல்லி முடித்தபோது அவர் குரல் லேசாகியிருந்தது. வைத்துவிட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். அந்த மண்டபத்தில் அதுவரை எந்தத் தேன்மொழிக்கும் ஐந்து கிடைத்ததில்லை.

மறுநாள் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மணமகன் உட்காருகிற இடத்தில் புவனேஷ் உட்கார்ந்திருந்தான்.

"அனுமதியில்லாம அனுதாபம் காட்டியிருக்கீங்க."

"வாய்தவறி வந்துட்டு தம்பி. எங்க ஊர்ல மௌத்துச் சேதி கேட்டா..."

"அனுதாபம் அடுத்த வெர்ஷன்ல வர்றதா இருந்துதுக்கா. தனியாக் கட்டணம் கட்டுற கஸ்டமருக்குத்தான். அதுக்கு ஒரு விழாவே வைக்கிறதா பிளான். நீங்க பாட்டுக்கு செங்கோட்டையில ஒருத்தருக்கு இலவசமாக் கொடுத்துட்டீங்க. இப்ப அவரு தெருவுல எல்லாரும் கேப்பாங்கள்லா?" கடைசி வார்த்தையில் அவனுக்கே ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுச் சமாளித்துக்கொண்டான்.

மேலதிகாரி ஒருவரின் எதிரில் இவ்வளவு நேரம் உட்காரக் கிடைத்தது அன்றைக்குத்தான். ஹைருன் பீவி துணிந்து தன் கதையைச் சொன்னாள். தம்மாம், கறி, ஈரக் கை, இத்தா, பூட்டு. ஒரே ஒரு தடவை அவர் பேசினதைக் கேட்டால் போதும், பிறகு கணக்கை எரித்தே விடுங்கள் என்றாள்.

புவனேஷ் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சொன்னான். "எனக்குப் பார்க்க அதிகாரம் இல்லக்கா. இந்த ஊர்ல யாருக்கும் இல்ல. பெங்களூர்லயும் இல்ல. சிஸ்டம்தான் பூட்டுச்சு, சிஸ்டம்தான் திறக்கணும். அதுவும் போக, ஒரு விருந்தாளி வீட்டுக்காரங்களக் குறை சொல்லி மனு கொடுக்கிறது பாலிசிக்கு விரோதம். நீங்க முறைப்படி தேன்மொழியக் கூப்பிடுங்க."

"தேன்மொழி நான்தான தம்பி?"

"டூட்டியில நீங்க தேன்மொழி. சாப்பாட்டு நேரத்துல நீங்க கஸ்டமர். அதத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது."

ஆகவே அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஹைருன் பீவி பின்வாசல் மதிலோரம் நின்று உதவி எண்ணை அழுத்தினாள். மணி போயிற்று. பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படும் என்றது. பிறகு, "வணக்கம், நான் தேன்மொழி" என்றது ஒரு குரல். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சத்யபிரியா நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பேசினார்கள். வேறு வழியில்லை. சொல்தவறினால் பட்டை போய்விடும், சத்யபிரியாவின் வீட்டில் அவளை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

"கணக்கின் உரிமையாளரை அருகில் அழைக்கவும். கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கச் சொல்லவும்."

"அவுக கபர்ல, மண்ணுக்குள்ள இருக்காவ."

"போதுமான வெளிச்சம் உள்ள இடத்துக்கு வரச் சொல்லவும்."

"வர மாட்டாவம்மா."

"உரிமையாளர் வர விரும்பவில்லை எனில், விரும்பவில்லை என்பதை அவரே தன் குரலில் உறுதிசெய்ய வேண்டும்." சத்யபிரியாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மைக்கில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தக் குரலை மட்டும் கோணாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்."

ஹைருன் பீவி மீண்டும் சொல்லவில்லை. போனை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். சத்யபிரியா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அழைப்பு வந்ததும் விட்டுவிட்டாள்.

சீசன் தொடங்கியது. மேற்கே மலை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கி, தென்காசி வரைக்கும் சாரல் அடித்தது. குற்றாலத்தில் குடும்ப விழா என்று கம்பெனி அறிவித்தது. விருந்தாளிகளும் வரலாம். ஆஷிகாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா உம்மா, உங்களையும் மனுசியா மதிச்சுட்டாங்க."

எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது பேரருவிக்குப் போன பிறகுதான் விளங்கியது. போனோடு அருவியில் குளிக்க முடியாது. குரங்குகள் இருப்பதால் கரையில் வைத்துவிட்டும் போக முடியாது. ஒவ்வொரு மஞ்சள் பட்டைக்கும் ஒரு பை கொடுத்தார்கள். நீலப் பட்டைக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போய்க் கூவினார்கள். விருந்தாளிகள் நனையாமல் தள்ளி நின்று, மற்றவர்களின் போன்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குரங்கைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றினார்.

விழா ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியின் தகரக் கொட்டகையில். பெங்களூரிலிருந்து துணைத்தலைவர் வந்திருந்தார். அப்பா வைத்த பெயர் குற்றாலீஸ்வரன். பெங்களூரில் அது வாயில் நுழையவில்லை என்று கிரிஸ் ஆகிவிட்டார். சொந்த ஊருக்கு வந்தவரின் கண்ணில் ஈரம் இருந்தது. சாரலாகவும் இருக்கலாம்.

"நண்பர்களே, இன்று ஒரு மகிழ்ச்சியான செய்தி. தேன்மொழி தயாராகிவிட்டாள். இத்தனை நாள் நீங்கள் இயந்திரமாக நடித்தீர்கள். நாளை முதல் இயந்திரமே நீங்களாக நடிக்கும். ஆகவே நீங்கள் வர வேண்டாம். சிலர் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று. விருந்தாளியிடம் போகிற நாளை நாமே குறித்துக்கொடுப்பது தமிழ்ப் பண்பாடா? அந்த மரியாதைக்காகத்தான் சொல்லவில்லை."

நீலப் பட்டைகள் கைதட்டின. மஞ்சள் பட்டைகளின் கையில் பை இருந்தது.

"உங்களை இழப்பதாக யாரும் வருந்தக் கூடாது. நாங்கள் எதையும் இழக்கவில்லை. உங்கள் குரல், நீங்கள் மூச்சு விடுகிற இடம், தயங்குகிற இடம் எல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. உங்களிடம் வேண்டாதது எதுவோ அது மட்டும்தான் வீட்டுக்குப் போகிறது. ஒரு குரலைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அதில் அப்படி ஒரு அனுதாபம்! ஐந்து நட்சத்திரம்! அது யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது அந்த நபரின் தனியுரிமையை மீறுவது. நாங்கள் மீற மாட்டோம். அவர் யாராக இருந்தாலும் அவருக்கு இனி சாவே இல்லை. எங்கே, நீங்களே கேளுங்கள். தேன்மொழி!"

ஹைருன் பீவியின் கையிலிருந்த பைக்குள் வெளிச்சம் வந்தது. உள்ளே கிடந்த அத்தனை போனும் ஒருசேர விழித்துக்கொண்டன.

"சொல்லுங்கள். நான் தேன்மொழி."

அவளுடைய குரல். நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குள்ளிருந்து, அவளுடைய நெஞ்சிலிருந்தே வருகிற மாதிரி, ஏழெட்டு வாயால் ஒன்றாகச் சொன்னது. அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற சத்யபிரியா அவளைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பயந்துவிட்டது பிள்ளை.

நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்த ஒரு காலிப் பையை நீட்டி, மஞ்சள் பட்டைகளைக் கழற்றிப் போடச் சொன்னான் புவனேஷ். ஹைருன் பீவியின் முறை வந்தபோது அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "யக்கா, எனக்கும் அடுத்த வருசம் இதான்னு பேசிக்கிடுதாங்க" என்று ரகசியமாகச் சொன்னான். அவனைத் தேற்ற அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இருந்த சொல்லைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்களே.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. ஆஷிகா கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். கடையில் போய்ப் பொருளைக் கைகாட்டி வாங்கினாள். வாயைத் திறந்தால் எங்கோ ஒரு போன் தன் குரலில் பதில் சொல்லிவிடுமோ என்று பயம். தெருவில் யாரோ ஒரு பையன் தேன்மொழியிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான். அடுப்படியில் நின்றவள் தானே பதில் சொல்வதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள்.

ஒருநாள் சாயங்கால அசர் தொழுகை முடிந்து பாயில் உட்கார்ந்தபடியே போனை எடுத்தாள். இன்னும் அந்தப் பூட்டு இருந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ அவள் மச்சான், சொல்ல வந்ததைச் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம், நான் தேன்மொழி."

"எங்க வீட்டுக் கணக்கத் திறக்கணும்."

"நிச்சயமாக. கணக்கின் உரிமையாளரை அருகில் அழைக்கவும். கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கச் சொல்லவும்." அச்சு அசலாக அவளேதான். 'புன்னகை'யில் நாக்கு லேசாகத் தடுக்குகிற அந்த இடம்கூட அப்படியே இருந்தது.

"அவுக இல்ல."

"போதுமான வெளிச்சம் உள்ள இடத்துக்கு வரச் சொல்லவும்."

இதற்குமேல் என்ன வரும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். அவளே எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். வைத்துவிடலாம் என்று விரல் போயிற்று. போனதும் நின்றது. இத்தனை நாளில் மச்சானைப் பற்றி ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை, எதற்கென்று தெரியாமல், அந்த மிஷினிடம் சொன்னாள்.

"என் மச்சான் மௌத்தாப் போயிட்டாவ தாயி."

அந்தக் குரல், செங்கோட்டைப் பெரியவருக்காக ஒருநாள் வாய்தவறிய அதே குரல், அதே நடுக்கத்தோடு சொன்னது.

"இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

அடுக்களையிலிருந்து ஆஷிகா எட்டிப் பார்த்தாள். "உம்மா, யாருகூடப் பேசுதிய? ஒத்தையிலயா பேசுதிய?"

போனில் குரல் தொடர்ந்தது. "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அந்த வாக்கியத்தை எப்போது சொல்லவேண்டும் என்ற விதி அவளுக்குத் தெரியும். நல்லாப் புரிஞ்சா மட்டும்தான் சொல்லணும்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கறி அலசிய ஈரக் கையிலிருந்து ஆரம்பித்து அவள் மீண்டும் சொல்லத் தொடங்கினாள்.